குட்டி வால்வு... குப்புற விழுந்த கார் கம்பெனி!

காலைல அஞ்சரை மணிக்கு உங்க வீட்டு வாசல்ல பால் பாக்கெட் வந்து விழும்தானே? ஒரு வாரத்துப் பாலை மொத்தமா வாங்கி அடுக்கி வைக்கிற வீடு எங்கேயாவது இருக்கா? வரும்... காய்ச்சுவோம்... குடிப்போம்... அவ்ளோதான். என்னிக்காவது பால் வண்டி வரலைன்னா? அன்னிக்குக் கடுங்காப்பிதான்!

கோடிக்கணக்குல பணம் புரள்ற கார் கம்பெனிகளும் இதே பால் பாக்கெட் ஃபார்முலாவுலதான் ஓடுதுன்னா நம்புவீங்களா? எங்க காலேஜ்ல இதுக்கு 'ஜஸ்ட் இன் டைம்'னு பேரு. புக்ல ரெண்டரைப் பக்கம். பதிமூணு மார்க் கேள்வி. நானும் மனப்பாடம் பண்ணி, எழுதி, ஹால் வாசல்லயே மறந்துட்டேன். போன செமஸ்டர் லீவுல அம்பத்தூர்ல ஒரு சின்ன பிரஸ் ஷாப்புக்கு 15 நாள் இன்பிளான்ட் ட்ரெயினிங் போனதுக்கு அப்புறம்தான் மண்டைக்குள்ள பல்ப் எரிஞ்சது. அந்தக் கதைக்குக் கடைசியில வர்றேன். அதுக்கு முன்னாடி ஜப்பானுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம், வாங்க!

ஒரு காரைக் கழட்டினா, குட்டி ஸ்க்ரூ வரைக்கும் எண்ணினா, சுமார் 30 ஆயிரம் பாகம் தேறும். இதுல பெரும்பகுதியை கார் கம்பெனி தன் கையால செய்றதில்லை. சப்ளையர் செய்வார். அவருக்கு ஒரு சப்ளையர், அவருக்கும் ஒரு சப்ளையர்னு கிளை விட்டுக்கிட்டே போகும். எல்லாத்தையும் முன்கூட்டியே வாங்கிக் குவிச்சா குடோன் வேணும், காவல் வேணும், வட்டி கட்டணும். டொயோட்டாவுல வேலை பார்த்த டாய்ச்சி ஓனோவுக்கு இதுக்கு விடை கொடுத்தது அமெரிக்க சூப்பர் மார்க்கெட். ஷெல்ஃப்ல எது காலியாகுதோ அதை மட்டும் நிரப்புறாங்க இல்லையா, அதையே அவர் ஃபேக்டரிக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கார்டு. பேரு 'கான்பான்'. பெட்டி காலியாக ஆரம்பிச்சதும் கார்டு பின்னாடி போகும். கார்டு வந்தாதான் அடுத்த பெட்டி. கார்டு வரலையா? கையைக் கட்டிக்கிட்டு உட்காரு!

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. குடோன்ல 10 ஆயிரம் பீஸ் கிடந்தா, அதுல 300 பீஸ் ஓட்டைன்னு தெரியறதுக்கே மாசக்கணக்காகும். கையில 50 பீஸ்தான் இருக்குன்னா தப்பு அன்னிக்கே பல்லைக் காட்டிடும்.

சரி, பால் வண்டி வராத நாள் ஒண்ணு டொயோட்டாவுக்கும் வந்தது.

1997 பிப்ரவரி 1, சனிக்கிழமை. விடியற்காலை 4 மணி தாண்டி, கரியா நகரத்துல இருக்கிற ஐசின் கம்பெனியோட ஃபேக்டரியில தீ. எரிஞ்சு போன மெஷின்கள் செஞ்சுக்கிட்டு இருந்தது, 'பி-வால்வ்'னு ஒரு பாகம். சிகரெட் பாக்கெட் சைஸ்தான். ஆனா வேலை? நீங்க பிரேக் போட்டதும் வண்டியோட வெயிட் முன்பக்கம் சாயும், பின்சக்கரம் லேசாகும். அப்ப பின்சக்கரத்துக்கும் அதே பிரஷர் போனா, அது லாக் ஆகி வண்டி வழுக்கிடும். அந்த பிரஷரை அளவா குறைக்கிறது இந்தக் குட்டி வால்வு. அன்னிக்கு இது இல்லாம அந்த காரை ரோட்டுக்கு விட முடியாது.

டொயோட்டாவுக்குத் தேவையான பி-வால்வுல கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரே இடத்துல இருந்துதான் போயிட்டிருந்தது. கையிருப்பு? ரெண்டு மூணு நாளைக்குத் தாங்கினாலே அதிகம். ஏப்ரல்ல ஜப்பான்ல விற்பனை வரி ஏறப் போகுதுன்னு ஜனங்க கார் வாங்கக் குவிஞ்ச நேரம் வேற. அடுத்த வாரமே டொயோட்டாவோட லைன் ஒவ்வொண்ணா நின்னுச்சு. பிப்ரவரி 5-ம் தேதி வாக்குல ஜப்பான்ல கிட்டத்தட்ட எல்லாமே படுத்துடுச்சு!

இதுக்கு அப்புறம் நடந்ததைப் படிச்சப்போ எனக்கு சத்தியமா புல்லரிச்சது. ஐசின் தன்னோட டிராயிங்கை எல்லாம் எடுத்து, கேட்டவங்களுக்கெல்லாம் கொடுத்தது. 'இது எங்க ரகசியம்'னு பொத்தி வைக்கலை. 'என்ன ரேட்டு தருவீங்க'ன்னு எதிர்த்தரப்பும் பேரம் பேசலை. 60-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் தங்ககிட்ட இருந்த மெஷினைத் திருப்பி, வளைச்சு, வால்வு செய்ய உட்கார்ந்துட்டாங்க. அதுல ஒண்ணு 'பிரதர்'. ஆமா, தையல் மெஷின் செய்ற அதே பிரதர்தான்! அதுவரைக்கும் கார் பார்ட் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்காத கம்பெனி. ஒரு மில்லிங் மெஷினை மாத்தி அமைக்க 500 மணி நேர உழைப்பைக் கொட்டுச்சு. கிடைச்சது எவ்ளோ தெரியுமா? ஒரு நாளைக்கு 40 வால்வு! கணக்குப் பார்த்தா நஷ்டம்தான். யாரும் பார்க்கலை. பிப்ரவரி 10-ம் தேதி வாக்குல டொயோட்டா பழையபடி ஓட ஆரம்பிச்சது.

அப்புறம் பணம் வந்துச்சு. ஐசின் செலவை ஏத்துக்கிட்டது. டொயோட்டா தன்னோட முதல் வரிசை சப்ளையர்களுக்கு, அந்த ஜனவரி முதல் மார்ச் வரைக்குமான விற்பனையில 1 சதவிகிதத்தைக் கூடுதலா கொடுத்துச்சு. யாரும் மனு போட்டுக் கேட்டது இல்லை.

'ஒழுங்கா ஸ்டாக் வெச்சிருந்தா இந்தத் தலைவலியே இல்லையே'ன்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 2011 மார்ச் சுனாமிக்கு அப்புறம் டொயோட்டாவே கொஞ்சம் இறங்கி வந்தது. அந்த பூகம்பத்துல ரெனசாஸ் கம்பெனியோட சிப் ஃபேக்டரி முடங்கி, கார் உலகமே திண்டாடிச்சு. செஞ்சு முடிக்க மாசக்கணக்காகிற சிப் மாதிரி பொருளை மட்டும் 2 மாசத்துல இருந்து 6 மாசத்துக்கு வரைக்கும் இருப்பு வைக்கச் சொல்லி சப்ளையர்கள்கிட்ட கேட்டுக்கிட்டது. 2021-ல உலகம் முழுக்க சிப் பஞ்சம் வந்தப்போ, மத்தவங்க தடுமாறின முதல் சில மாசம் டொயோட்டா நின்னு ஆடினது அதனாலதான். ஆனாலும் அந்த வருஷ செப்டம்பர்ல அவங்களும் உற்பத்தித் திட்டத்தை 40 சதவிகிதம் வெட்ட வேண்டி வந்தது. இருப்புக்கும் ஒரு எல்லை உண்டு பாஸ்!

இப்ப அம்பத்தூர். கம்பெனி பேரெல்லாம் கேட்காதீங்க. 22 பேர் வேலை பார்க்கிற ஷெட். கார் சீட்டுக்கு அடியில வர்ற ஒரு பிராக்கெட் செய்றாங்க. ஒரு நாளைக்கு நாலு நடை 'குட்டி யானை'யில சரக்கு போகும். கார் கம்பெனியில ஸ்டாக் கிட்டத்தட்ட ஜீரோ. 'ஆஹா, நம்ம ஊர்லயும் ஜஸ்ட் இன் டைம்'னு நான் நோட்டுல குறிச்சுக்கிட்டேன். ஃபோர்மேன் அண்ணன் சிரிச்சாரு. மறுநாள் அதே குட்டி யானையில என்னையும் ஏத்தி விட்டாரு. கார் ஃபேக்டரிக்கு 2 கிலோமீட்டர் முன்னாடி ஒரு குடோன். உள்ளே, கூரை வரைக்கும் எங்க பிராக்கெட். மூணு நாள் சரக்கு. குடோன் வாடகை எங்க ஓனரோடது. சரக்குல முடங்கின பணத்துக்கு பேங்க் வட்டியும் அவரோடதுதான். ஸ்டாக் எங்கேயும் காணாமப் போகலைங்க... கேட்டுக்கு வெளியே வந்து உட்கார்ந்திருக்கு, அவ்ளோதான்!

பதினோராவது நாள் ராத்திரி, டையில இருக்கிற பஞ்ச் உடைஞ்சது. குடோன்ல இருந்தது பழைய மாடல் பிராக்கெட்; உடைஞ்சது புது மாடல் டை. ஓனர் யாருக்கு போன் போட்டார் தெரியுமா? பக்கத்துத் தெருவுல, அதே ஆர்டருக்கு இவரோட விலைப்போட்டி போடுற ஷாப்புக்காரருக்கு! அவர்கிட்ட ஒயர்கட் மெஷின் இருக்கு. ஓடிக்கிட்டிருந்த தன்னோட ஜாப்பை இறக்கி வெச்சுட்டு எங்க பஞ்சை வெட்டிக் கொடுத்தார். விடியறதுக்குள்ள பிரஸ் ஓடிச்சு. இருந்தாலும் கார் லைன் 40 நிமிஷம் நின்னுடுச்சு. மூணாவது நாள் டெபிட் நோட் வந்தது. தொகையைப் பார்த்தேன். என்னோட ரெண்டு செமஸ்டர் ஃபீஸ்!

'சின்ன கம்பெனிக்கு 45 நாளைக்குள்ள பணம் கொடுக்கணும்னு 2006-லயே சட்டம் வந்திருக்கே, உங்களுக்கு வருதா சார்?'னு ஓனரைக் கேட்டேன். "தொண்ணூறு நாள் ஆகும் தம்பி. சட்டம் இருக்கு. கேஸ் போட்டா ஜெயிக்கலாம். அடுத்த ஆர்டர் யார் தருவா?"ன்னாரு.

அந்த ஒயர்கட் வேலைக்கு எவ்ளோ ஆச்சுன்னும் கேட்டேன். பில்லே வரலையாம்.

கடைசி நாள் சாயங்காலம், ரெக்கார்டு நோட்டுல கையெழுத்து வாங்க நின்னுக்கிட்டிருந்தேன். பக்கத்து ஷாப் பையன் தள்ளுவண்டியில ஒரு டையைத் தள்ளிக்கிட்டு வந்தான். அவங்க பிரஸ்ல மோட்டார் புகைஞ்சுடுச்சாம். ஃபோர்மேன் அண்ணன் ஒரு வார்த்தை கேட்கலை. மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணிட்டு எங்க டையோட போல்ட்டைக் கழட்ட ஆரம்பிச்சாரு. "நின்னு என்னடா பார்க்கிறே, அந்த ஸ்பேனரை எடு"ன்னாரு என்னைப் பார்த்து.