அங்கன்வாடிக்கு இன்னொரு டீச்சர்: செலவா, முதலீடா?

மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்துக்கு மேல் ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது என்கிறது 2020-ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை. அந்த வயதில் அரசு செலவிடும் பணம் பெரும்பாலும் அங்கன்வாடி வழியாகத்தான் குழந்தையைச் சேர்கிறது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த புழலில், கிடங்குக்கும் பட்டறைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் தாய்மாருக்குப் பக்கத்துத் தெரு பால்வாடிதான் பிள்ளையின் முதல் பள்ளிக்கூடம்.

என்ன கிடைக்கிறது?

1975 அக்டோபர் 2-இல் அங்கன்வாடிகளின் தாய்த் திட்டமான ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டின் 33 இடங்களில் தொடங்கியது. தமிழ்நாடு இதில் தனி வழியும் கண்டது. 1980-இல் உலக வங்கிக் கடனுதவியோடு வந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளை மாதந்தோறும் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் இரண்டு வயது முதலே குழந்தைகளுக்கு இடம் இருந்தது. இன்று மாநிலத்தில் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. கலவை சாதம், முட்டை, சத்துமாவு ஆகியவற்றோடு 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற முன்பருவக் கல்விப் பாடத்திட்டமும் உண்டு.

சிக்கல் எங்கே?

ஒரு மையத்தில் இத்தனை வேலைக்கும் ஒரு பணியாளர், ஓர் உதவியாளர். எடை, உயரம் பார்ப்பது, கர்ப்பிணிகள் பதிவு, வீடு வீடாகக் கணக்கெடுப்பு, தடுப்பூசி நாள், பதிவேடு, கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் அந்த ஒரு பணியாளர் தலையில்தான். இத்தனைக்கும் பிறகு மிஞ்சுகிற நேரத்தில்தான் பாட்டும் கதையும் எழுத்தும். பாடத்திட்டம் இருக்கிறது, அதை நடத்த ஆள் போதவில்லை.

ஆள் சேர்த்தால் என்ன ஆகும்?

இதைத் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நான்கு மாவட்டங்களில் 320 மையங்களை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகத் தந்தார்கள். அலெஹாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு இது.

அந்த மையங்களில் கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் முன்னேற்றம் தெரிந்தது. நூறு பேர் வரிசையில் நடுவில் இருக்கும் குழந்தை கணக்கில் ஏறத்தாழ 39-ஆம் இடத்துக்கும், மொழியில் 32-ஆம் இடத்துக்கும் முன்னேறுவதற்கு இது சமம்.

உணவுக்கென்று கூடுதலாக எதுவும் கொடுக்காமலே, வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் கடும் ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. பழைய பணியாளருக்கு வேலைச்சுமை குறைந்ததால் ஊட்டச்சத்து, உடல்நலப் பணிகளுக்கு அவர் கூடுதல் நேரம் கொடுக்க முடிந்ததுதான் காரணம். இந்தக் குழந்தைகள் வளர்ந்து ஈட்டக்கூடிய கூடுதல் வருமானத்தின் இன்றைய மதிப்பு, செலவைப்போல் 13 முதல் 21 மடங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

எந்தக் குழந்தைகளுக்கெல்லாம் அரசு பொறுப்பு?

இந்த வயதுப் பிள்ளைகள் சிறையிலும் இருக்கலாம். புழலில் மகளிர் தனிச்சிறையும் இருக்கிறது. தாய் சிறையில் இருந்தால் ஆறு வயது வரை குழந்தை உடன் இருக்கலாம். மூன்று வயதுக்குட்பட்டவர்களுக்குக் காப்பகமும், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ளவர்களுக்கு மழலையர் பள்ளியும், முடிந்தவரை சிறை வளாகத்துக்கு வெளியே, நடத்த வேண்டும் என்று 2006-இல் ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கிடங்குத் தொழிலாளியின் பிள்ளைக்கும் கைதியின் பிள்ளைக்கும் அரசின் கடமை ஒன்றுதான்.

இனி என்ன?

அங்கன்வாடிக்குத் தனி ஆசிரியர் என்பது அரசுக்குப் புதிய யோசனையும் அல்ல. 2019-இல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தொடங்கியபோது அவற்றுக்குத் தனி ஆசிரியர்களை அமர்த்தியது. ஆனால், மொத்த மையங்களில் அது நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. புதுக் கட்டடமும் சுவர் ஓவியமும் திறப்பு விழாவுக்கு உதவும். சம்பளப் பட்டியலில் கூடும் ஒரு பெயருக்கு விழா கிடையாது. அடுத்த பட்ஜெட்டில் அங்கன்வாடிக்கு எத்தனை கோடி என்பதோடு, அதில் எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்றும் கேட்டால்தான் முழுக் கணக்கு தெரியும்.