முட்டும் மிருகம், மணி அடித்த பசு, கணக்கு கேட்ட கல்வெட்டு: நீதிக்கு எது அடையாளம்?

இரண்டு பேர் வழக்கோடு வந்து நிற்கிறார்கள். யார் சொல்வது பொய் என்று நீதிபதிக்குப் பிடிபடவில்லை. ஒற்றைக் கொம்புள்ள ஒரு மிருகத்தை அவிழ்த்துவிடுகிறார். அது நேரா போய் தப்பு செய்தவரை முட்டுது. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சது!

சீனப் புராணத்தில் வரும் இந்த மிருகத்தின் பெயர் 'ஷியேஜி'. காவ் யாவ் என்ற பழங்கால நீதிபதி இதை வைத்துத்தான் தீர்ப்பு சொன்னார் என்பது கதை. பின்னாளில் மிங், சிங் அரச காலங்களில், அதிகாரிகளின் முறைகேடுகளைக் கண்காணித்தவர்களின் உடையில் இந்த உருவம்தான் சின்னம். கொரியாவில் இதன் பெயர் ஹேச்சி. சியோலில் அரண்மனை வாசலிலேயே சிலையாக உட்கார்ந்திருக்கிறது.

நம்ம ஊரில் யார்?

திருவாரூர் பசு. மனுநீதிச் சோழனின் மகன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டுச் சாக, தாய்ப்பசு அரண்மனை மணியை அடித்தது. மகனையே தேர்க்காலில் இடத் துணிந்தான் அரசன். பெரியபுராணத்தில் சிவன் அருளால் கன்றும் மகனும் உயிர் பெறுகிறார்கள். இதே கதையை இலங்கையின் மகாவம்சம், அனுராதபுரத்தை ஆண்ட எல்லாளன் பெயரில் சொல்கிறது. அதில் மகன் பிழைக்கவில்லை.

வித்தியாசத்தைக் கவனிச்சீங்களா? சீன மிருகம் அதிகாரத்தின் கையில் இருக்கிறது; குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. நம்ம பசு அதிகாரத்துக்கு எதிரே நிற்கிறது. ஆள்பவனிடமே கேள்வி கேட்கிறது. மாவட்ட நிர்வாகம் கிராமங்களில் நடத்தும் மனுநீதி நாள் முகாமுக்கு இந்தப் பெயர் வந்தது சும்மா இல்லை.

மிருகம் இல்லாத நீதி

ஆனால், எப்போதும் அதிசய மிருகமோ, மகனைப் பலி கொடுக்கும் அரசனோ கிடைப்பார்களா? அதற்குத்தான் எழுதிவைத்த விதி. காஞ்சிபுரத்தில் இருந்து மாகறல் வழியாக உத்திரமேரூர் போனால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அதைப் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள்.

ஊர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். பதவியில் இருந்து கணக்கு காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் தேர்வுக்கு வர முடியாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள்.

இதை முழு ஜனநாயகம்னு சொல்லிட முடியாது. நிலமும் வேதக் கல்வியும் உள்ள பிராமண ஆண்களுக்கான சபை அது. மற்றவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. ஆனாலும் 'கணக்கு காட்டு' என்ற விதி மட்டும் இன்றைக்கும் பழசாகவில்லை.

சுவாரஸ்யம் என்னன்னா, 'சட்டம்' என்பதற்கான பழைய சீன எழுத்துக்குள் அந்த மிருகமும் இருந்தது. காலப்போக்கில் எழுத்து சுருங்கியது. மிருகம் வெளியே போய்விட்டது. சட்டம் மட்டும் மிச்சம்.

இன்றைக்கு மணி எங்கே?

தமிழகத்தில் கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். வேலைக்காக சென்னையில் இருந்தாலும், ஓட்டு ஊரில் இருந்தால் நீங்களும் உறுப்பினர்தான். லீவுக்குப் போகும்போது ஒருமுறை எட்டிப் பாருங்க. கணக்கைக் கேளுங்க.