மாணாக்கர் செய்யும் கருவிகளும் அவற்றைச் சோதிக்கும் முறையும்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வருஷந்தோறும் நடத்தும் விஞ்ஞானக் கண்காட்சிக்குக் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவரையோ காரியதரிசியையோ அழைத்துப் பரிசளிக்கச் செய்வது பல கிராமங்களில் வழக்கமாயிருக்கிறது. சில சங்கங்கள் தங்கள் பொது நன்மை நிதியிலிருந்து இதற்கென ஒரு தொகை உதவுவதும் உண்டு. அழைக்கப்பட்டவர் மேஜை மேஜையாக நடந்து செல்கிறார். ஒரு மேஜையில் வர்ணம் பூசிய அணைக்கட்டு. பித்தானை அமுக்கினால் விளக்கெரிந்து தண்ணீர் பாய்கிறது. மற்றொன்றில் மண் ஒட்டிய ஒரு டப்பாவும், துருவேறிய இரண்டு முனைகளும், அழுக்கடைந்த ஒரு நோட்டுப் புத்தகமும் கிடக்கின்றன. பரிசு முதல் மேஜைக்கே போகிறது. அந்த அணைக்கட்டு பட்டணத்துக் கடையில் துண்டு துண்டாக விற்கப்படுவது என்பதும், அதற்குக் கம்பி இணைத்தவர் பையனுடைய சிற்றப்பா என்பதும் பரிசளித்தவருக்குத் தெரிய நியாயமில்லை. இரண்டாவது மேஜைக்குரிய பையனோ, மூன்று மாத காலம் வயலுக்கும் பள்ளிக்கும் நடந்தவன், மறு வருஷம் எதையும் செய்ய முன்வருவதில்லை. இத்தகைய வேலையை எவ்வாறு திட்டமிடுவது, எவ்வாறு மதிப்பிடுவது என்பதை அங்கத்தினர்கள் ஓரளவு அறிந்திருந்தால் இந்த அநியாயம் நேராது.

கையால் செய்தே கற்க வேண்டும் என்னும் கொள்கை புதியதன்று. அமெரிக்காவில் ஜான் டூயி என்பவர் 1896-ல் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஒரு பள்ளியில் இதனை நடத்திக் காட்டினார். அவர் வழியைப் பின்பற்றிய கில்பாட்ரிக் 1918-ல் இதற்கு ஒரு முறையும் பெயரும் வகுத்தார். இந்தியாவில் 1937-ஆம் வருஷம் அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் தலைமையில் கூடிய மகாநாடும், அதனால் நியமிக்கப்பட்ட ஜாகிர் ஹுசேன் கமிட்டியும் கைத்தொழிலையே கல்விக்கு நடுநாயகமாக வைத்தன. நூற்பில் ஒரு பெரிய சௌகரியம் உண்டு. நூற்ற நூலுக்கு நீளம், நம்பர், உறுதி என்னும் அளவுகள் இருப்பதால், பிள்ளையின் வேலை நல்லதா அல்லதா என்பது உபாத்தியாயரின் பிரியத்தைப் பொறுத்ததாகாது. இங்கிலாந்தில் 1990-ல் பள்ளிகள் யாவற்றிற்கும் இப்பாடம் ஏற்பட்டபோது, தேவையைக் கண்டறிதல், வடிவம் வகுத்தல், திட்டமிட்டுச் செய்தல், செய்ததை மதிப்பிடுதல் என நான்கு பகுதிகளாகப் பிரித்தார்கள். இப்பகுப்பு பிற்பாடு மாற்றப்பட்டதாயினும், செய்தல் என்பது நான்கில் ஒன்றுதான் என்ற அளவில் அது இன்றைக்கும் பயன்படும். 2016 முதல் இந்திய சர்க்கார் அடல் டிங்கரிங் லாப் என்ற பெயருடன் பள்ளிகளில் தொழிற்கூடங்கள் அமைத்து, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரையில் உதவி அளித்து வந்தது. பாதி சாமான்களுக்கும் அமைப்பிற்கும், பாதி ஐந்து வருஷ நடைமுறைச் செலவுக்கும் என்பது ஏற்பாடு. 2025-ஆம் வருஷத்து வரவு செலவுத் திட்டத்தில், சர்க்கார் பள்ளிகளில் ஐந்து வருஷங்களுக்குள் இன்னும் 50,000 கூடங்கள் ஏற்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஆகவே சாமான்கள் வருகின்றன. அவற்றைக்கொண்டு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

கேள்வி என்னும் இவ்விடத்திலேயே பெரும்பாலான வேலைகள் கெட்டுப்போகின்றன. "தண்ணீர்ப் பஞ்சத்தைத் தீர்க்கும் கருவி" என்று தலைப்புக் கொடுத்தால் எந்தப் பிள்ளையாலும் அதைச் செய்ய முடியாது. செய்ததாகச் சொல்லத்தான் முடியும். "கிணற்றடித் தோட்டத்துக் கத்தரிச் செடிக்கு இன்று தண்ணீர் பாய்ச்ச வேண்டுமா, நாளை வரை பொறுக்கலாமா" என்று கேட்டால் அது செய்யத்தக்க வேலை. இக்கேள்வி உபாத்தியாயருக்குத் தோன்றுவது கடினம். மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கே தோன்றும். சங்கத்து அங்கத்தினர் பள்ளிக்குச் செய்யக்கூடிய உதவிகளில் பணம் இரண்டாவதுதான். தம் வயலிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக் கொடுப்பதே முதலாவது.

கேள்வி கிடைத்த பிறகு, ஒரு கம்பியைக்கூடத் தொடுமுன் நோட்டில் எழுத வேண்டியவை சில உண்டு. யார் இதை உபயோகிப்பார்? எத்தனை ரூபாய்க்குள் முடிய வேண்டும்? எத்தனை வாரம்? மழையிலும் வெயிலிலும் இருக்க வேண்டியதா? எல்லாவற்றிற்கும் மேலாக, எந்தச் சோதனையில் தேறினால் இது பலித்தது என்று ஒப்புக்கொள்ளப்படும்? கடைசியாகச் சொன்னதை முதலிலேயே எழுதி வைக்காவிட்டால், வேலை முடிந்த பின் வந்ததையெல்லாம் வெற்றி என்று சொல்லிக்கொள்ள இடமாகும். கடன் கொடுத்த பிறகு ஜாமீன் தேடுவது போன்றது அது.

மேற்படி கத்தரித் தோட்டத்து வேலையையே எடுத்துக்கொண்டு பார்க்கலாம். ஈர மண்ணில் மின்சாரம் எளிதில் ஓடும். காய்ந்த மண்ணில் ஓடாது. இரண்டு உலோக முனைகளை மண்ணில் குத்தி அவற்றினிடையே ஓடும் மின்சாரத்தை அளந்தால் ஈரத்தை ஊகிக்கலாம். அளப்பதற்கு ஆர்டுயினோ என்னும் சிறு பலகை பள்ளிகளில் வழங்குகிறது. 2005-ல் இத்தாலியிலுள்ள இவ்ரியா என்னும் ஊரில் மாணாக்கருக்கென்றே ஏற்பட்டது இது. இவ்வகையில் சாதாரணமாக வழங்கும் பலகை, முனைகளிலிருந்து வருவதை 0 முதல் 1023 வரையில் ஓர் எண்ணாகக் காட்டும். இவ்வளவையும் ஒரு மத்தியான வேளைக்குள் இணைத்துவிடலாம். கண்காட்சியில் வைக்கப்படுபவை பெரும்பாலும் இவ்விடத்தோடு நின்றவையே. ஒரு தம்ளர் தண்ணீரில் முனையை விட்டதும் எண் மாறுகிறது. பார்ப்பவர்கள் கை தட்டுகிறார்கள்.

ஆனால் 600 என்ற எண் தோட்டக்காரருக்கு எதைத் தெரிவிக்கிறது? ஒன்றையும் தெரிவிக்கவில்லை. அந்த எண்ணுக்கு மண்ணில் எவ்வளவு நீர் என்பதைக் கண்டுபிடிப்பதே உண்மையான வேலை. அதற்கு வழி இதுவே. முனைகள் குத்தப்பட்ட இடத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உடனே மூடிய டப்பாவில் இட்டு நிறுக்க வேண்டும். பிறகு 105 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் ஒரு நாள் முழுதும் உலர்த்தி மறுபடி நிறுக்க வேண்டும். டப்பாவின் எடை நீங்கலாக, ஈர மண் 120 கிராமும் உலர்ந்த மண் 100 கிராமும் இருந்தால் போன நீர் 20 கிராம். ஆகவே ஈரம் நூற்றுக்கு 20. உலர்த்தும் அடுப்பு இல்லாத பள்ளியில் இளஞ்சூட்டில் வைத்து, எடுத்தெடுத்து நிறுத்து, இரண்டு தடவை எடை மாறாது நின்றால் உலர்ந்துவிட்டதெனக் கொள்ளலாம். கணக்குச் சற்றுப் பிசகினாலும் வேலைக்குப் போதும். தராசுதான் நுட்பமாயிருக்க வேண்டும். நகைக் கடன் கொடுக்கும் சங்கங்களில் பொன் நிறுக்கும் தராசு உண்டு. அதில் மண்ணை வைப்பதா என்று மதிப்பீட்டாளர் முகம் சுளிக்கலாம். டப்பா மூடியிருந்தால் தராசுக்கு ஒரு குறைவும் வராது.

இவ்விதம் பத்துப் பன்னிரண்டு தடவை, நீர் பாய்ச்சிய அன்று, மறுநாள், நாலாம் நாள் என்று எடுத்து, ஒரு பக்கம் கருவியின் எண்ணும் மறு பக்கம் நிறுத்த ஈரமும் எழுதி வந்தால் கருவியின் யோக்கியதை தானே வெளிப்படும். அப்பொழுதுதான் தொல்லைகளும் ஆரம்பமாகும். முதலாவது, முனைகளில் இடைவிடாமல் மின்சாரம் ஓடுமானால் ஒரு முனை மண்ணிலேயே கரைந்து அரிக்கப்பட்டுவிடும்; எண் நாளுக்கு நாள் பிசகும். மணிக்கொரு தடவை அளக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் மின்சாரம் விட்டால் முனை நெடுநாள் நிற்கும். இரண்டாவது, உப்பேறிய மண்ணிலும் பொட்டாஷ் முதலிய உரமிட்ட மண்ணிலும் மின்சாரம் அதிகமாக ஓடும். கருவியோ அதை ஈரம் என்றே எண்ணிக்கொள்ளும். உரமிட்ட மறுநாள் செடி வாடிக்கொண்டிருக்கையில் "தண்ணீர் வேண்டாம்" என்று சொல்லும் கருவியை நம்பினவர் பயிரை இழப்பார். மூன்றாவது, கரிசல் மண்ணுக்குச் சரிபார்த்த எண் செம்மண்ணுக்கு ஒவ்வாது. நான்காவது, மேல்மண் காய்ந்திருக்கையில் ஒரு சாண் ஆழத்தில் ஈரம் இருக்கும். எந்த ஆழத்தில் குத்துவது என்பது வேரைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது.

இவற்றுள் இரண்டையாவது தானே கண்டுபிடித்த பிள்ளை, கருவி கடைசியில் பலிக்காமற் போனாலும், நிறையக் கற்றிருக்கிறது. தம்ளர்த் தண்ணீரோடு நின்ற பிள்ளைக்கு ஒரு தொல்லையும் நேரவில்லை. ஆரம்பத்தில் கூறிய துருவேறிய முனைகள் வெட்கப்பட வேண்டியவை அல்ல. கருவி வயலில் இருந்தது என்பதற்கு அவையே அத்தாட்சி.

ஆகையால் மதிப்பிட வருகிறவர் கருவியைப் பார்க்குமுன் நோட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சங்கத்துக் கணக்கைத் தணிக்கை செய்கிறவர்கள் அறிவார்கள்: அன்றாடம் எழுதிய ரொக்கப் புத்தகத்தில் மையின் நிறம் மாறியிருக்கும், ஒன்றிரண்டு இடத்தில் அடித்தல் இருக்கும், ஓரம் அழுக்காயிருக்கும். ஒரே மையில் ஒரே கையெழுத்தில் பிழையின்றி இருப்பது தணிக்கைக்கு முதல் நாள் ராத்திரி உட்கார்ந்து எழுதினது. மாணாக்கர் நோட்டுக்கும் இதுவே பொருந்தும். தேதி இருக்கிறதா, பலிக்காத நாள் எழுதப்பட்டிருக்கிறதா, அதற்கு மறு வாரம் ஏதாவது மாற்றம் செய்யப்பட்டதா என்று பார்த்தாலே பாதி மதிப்பீடு முடிந்துவிடும். மீதிப் பாதிக்குப் பிள்ளையிடம் சில கேள்விகள் கேட்க வேண்டும். இந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் என்ன ஆகும்? இந்த எண் பிசகு என்று எப்படித் தெரிந்துகொண்டாய்? இன்னொரு முறை செய்வதானால் எதை மாற்றுவாய்? கடையில் வாங்கின அணைக்கட்டுக்குச் சொந்தக்காரர் மூன்றாவது கேள்விக்கு "வர்ணத்தை மாற்றுவேன்" என்பார்.

நால்வர் கூடிச் செய்த வேலையில் ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்பது முக்கியம். ஒருவன் செய்ய மூவர் பக்கத்தில் நிற்பது ஒரு குறை. பையன்கள் கம்பியையும் பலகையையும் எடுத்துக்கொண்டு, எழுத்து அழகாயிருக்கிறதென்று பெண்களிடம் நோட்டை மட்டும் தள்ளிவிடுவது மற்றொரு குறை. இது பல உபாத்தியாயர்களின் கண்ணில் படுவதே இல்லை. வேலையை வாரத்துக்கு வாரம் மாற்றிக் கொடுத்தால் இரண்டும் தீரும்.

மார்க்குப் போடுவதில் ஒரு சிக்கல் உண்டு. மண் ஈரக் கருவிக்கு நூற்றுக்கு எவ்வளவு, மழைமானிக்கு எவ்வளவு என்று தனித்தனியே எண் சொல்வதில் ஒருவருக்கொருவர் பெரிதும் மாறுபடுவார்கள். சிக்காகோவில் தர்ஸ்டன் என்னும் மனோதத்துவ நிபுணர் 1927-ல் இதற்கொரு வழி எழுதினார். ஒரு பொருளின் மதிப்பை எண்ணாகச் சொல்வதைவிட இரண்டைப் பக்கத்தில் வைத்து எது மேல் என்று சொல்வது மனிதருக்கு எளிது. இவ்விதமான பல ஜோடித் தீர்ப்புகளைச் சேர்த்தால் வரிசை தானே அமையும். லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியார் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மாணாக்கர் செய்த வடிவமைப்பு வேலைகளுக்கு இம்முறையைக் கையாண்டார்கள். கிராமவாசிகளுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. மாட்டுச் சந்தையில் இரண்டு காளைகளைச் சேர்த்து நிறுத்திப் பார்ப்பவர், ஒன்றை மட்டும் பார்த்து நூற்றுக்கு எழுபது என்று சொல்வதில்லை. பத்து வேலைகள் இருந்தால், ஐந்து பேர் தனித்தனியே ஜோடி ஜோடியாகப் பார்த்து மேலானதைக் குறித்து, எது அதிகம் தடவை மேலென்று குறிக்கப்பட்டதோ அதை முதலில் வைக்கலாம். மேலென்று சொல்வது எதைக் கொண்டு என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்: கேள்வி, சோதனை, நோட்டு, விளக்கம் ஆகியவை. தோற்றம் கடைசியில்தான்.

செலவைப் பற்றியும் ஒரு நிபந்தனை அவசியம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை ஆயிரக்கணக்கில் வாங்கி வர, கூலிக்காரர் மகள் பள்ளிச் சாமானைக்கொண்டு செய்தால் அது சமமான போட்டியாகாது. எல்லோருக்கும் ஒரே உச்ச வரம்பு வைத்து, ரசீதுகளை நோட்டில் ஒட்டச் செய்யலாம். மின்சாரமே இல்லாத வேலைகளையும் தாழ்வாக எண்ணலாகாது. வாய் 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு புனலும் ஒரு பாட்டிலும் இருந்தால் மழைமானி ஆகும். 1 மில்லிமீட்டர் மழைக்குப் பாட்டிலில் ஏறக்குறைய 31 மில்லிலிட்டர் சேரும். இந்த எண்ணைக் கணக்கிட்டுக் கண்டுபிடித்து, ஒரு பருவம் முழுதும் காலை எட்டரை மணிக்குத் தவறாமல் அளந்து எழுதிய பிள்ளை, விலையுயர்ந்த யந்திரம் வைத்திருப்பவனுக்குக் குறைந்தவளல்ல.

கண்காட்சி முடிந்த பின் கருவி எங்கே போகிறது என்பதைப் பெரும்பாலும் யாரும் விசாரிப்பதில்லை. தோட்டக்காரர் கேட்ட கேள்விக்கு ஏற்பட்ட கருவி அவர் தோட்டத்திலேயே ஒரு போகமாவது இருக்க வேண்டும். அவர் சொல்லும் குறைகளை மறு வருஷத்து மாணாக்கர் அதே நோட்டில் தொடர்ந்து எழுத வேண்டும். மே மாத விடுமுறையில் பேட்டரியைக் கழற்றி வைப்பது யார் என்று முன்னதாகவே பெயர் குறிக்க வேண்டும்; இல்லையேல் அது உள்ளேயே கசிந்து பலகையைக் கெடுத்துவிடும். உபயோகமற்றுப் போனவற்றைப் பிரித்து, நல்ல பாகங்களைப் பள்ளியின் சாமான் ரிஜிஸ்டரில் வரவு வைத்துக்கொண்டால், பொது நன்மை நிதியிலிருந்து மறு வருஷம் கேட்கப்படும் தொகை அந்த அளவுக்குக் குறையும்.