ஒரு பக்கம் மட்டும் ஆடணும்!

கல்லூரி விழா மேடைகளிலும் சர்ச் பாடல் குழுக்களிலும் ஒருவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, கால்களுக்கு நடுவே அதன் முகத்தைத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் கஹோன். டிரம் செட் வைக்க இடமில்லாத மேடைக்கு இந்த ஒரு பெட்டி போதும். பிறந்தது பெரு நாட்டுக் கடற்கரையில். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்கள் சரக்குப் பெட்டிகளையே மேளமாக்கிக்கொண்டார்கள். 1970களில் பெருவுக்குப் போன ஸ்பெயின் கிட்டார் மேதை பாக்கோ டி லூசியா அதைக் கொண்டுவந்து ஃபிளமெங்கோ இசையில் சேர்த்தார். உலகம் முழுக்கப் பரவியது. 2001இல் பெரு அரசு அதைத் தன் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

இதை ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ செய்துகொள்ள முடியுமா? தாராளமாக. ஆனால் நம் தச்சரிடம் சொன்னதும் சிக்கல் வரும். "ஃபெவிக்கால் போட்டு இறுக்கிடுறேன் தம்பி, ஆயுசுக்கும் ஆடாது" என்பார். ஆடிப்பூரத் தேர் ஓடும் ஊரில் மரவேலை என்றால் மூட்டு அசையக்கூடாது என்பதுதானே பாடம்? "முன்பக்கம் மட்டும் ஆடணும் அண்ணாச்சி" என்று சொல்லிப் புரியவைப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

அளவு எளிது. உயரம் 18 அங்குலம், அகலமும் ஆழமும் 12 அங்குலம். பக்கங்கள், மேல், கீழ், பின்பலகை ஆகிய ஐந்துக்கும் 12 எம்.எம். பிளைவுட். கூட்டிப் பார்த்தால் ஆறரை சதுர அடி. எட்டுக்கு நாலு ஷீட்டில் கால்வாசி போதும். அலமாரி வேலை முடிந்த பட்டறையில் மிஞ்சிய துண்டுகளே தேறிவிடும். இந்த ஐந்தையும் பசை போட்டு, இடுக்கு விழாமல் இறுக்க வேண்டும். மாம்பழப் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினால் அடித்தொனி வராததற்குக் காரணம், சட்டங்களுக்கு இடையே காற்று கசிவதுதான்.

பின்பலகையில் நாலரை அங்குல வட்டத் துளை. முன்பலகையைத் தட்டும்போது உள்ளே இருக்கும் காற்று இந்தத் துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறது. 'தும்' என்ற கனம் அங்கிருந்து வருகிறது. வில்லுப்பாட்டில் குடத்தின் வாயை மட்டையால் அடிக்கும்போது எழும் ஒலிக்கும் இதுவே சூட்சுமம்.

உயிர் முன்பலகையில். 3 அல்லது 4 எம்.எம். பிளைவுட், அதற்கு மேல் கனம் கூடாது. பளபளப்புக்காக சன்மைக்கா ஒட்டினால் பலகை விறைத்து ஒலி செத்துவிடும். இதற்குப் பசையே வேண்டாம், சுற்றிலும் ஸ்க்ரூ மட்டும். மேல் மூலைகள் இரண்டிலும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி விட்டால், விரல்கள் படும்போது பலகை சட்டத்தில் மோதி 'டக்' என்று வெடிக்கும். நடுவில் உள்ளங்கை பட்டால் 'தும்'. இன்னும் 'சர்' என்ற சிலிர்ப்பு வேண்டுமானால், பலகையின் உட்புறத்தை லேசாகத் தொடும்படி இரண்டு கிட்டார் கம்பிகளை இழுத்துக் கட்டலாம்.

கை படும் மேல் விளிம்பை உப்புத்தாளால் நன்றாக உருட்டித் தேய்த்துவிடுங்கள். கூர்மையாக விட்டால் ஒரே பாட்டில் விரல் கன்றிப்போகும். அடியில் நாலு ரப்பர் புஷ் வைத்தால் தரையில் வழுக்காது, ஒலியும் அமுங்காது.

பறைக்குத் தோலைத் தீயில் காய்ச்சிச் சுதி ஏற்றுவார்கள். கஹோனுக்கு ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். முதலில் மாட்டிய பலகை சரியாகப் பேசாவிட்டாலும் பெட்டி வீணில்லை. பலகையை மட்டும் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். பசை வேண்டாம் என்று அண்ணாச்சியிடம் அவ்வளவு அடம்பிடிப்பது அதற்கும் சேர்த்துத்தான்.