தோற்றவன் பக்கம் நின்ற சிரிப்பு!

பிணத்துக்குப் புடவை கட்டி, 'இதுதான் பாஞ்சாலி' என்று மேடையில் ஏற்றிவிட்டால் யாராவது சிரிப்பார்களா? சிரித்தார்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்படிச் சிரிக்க வைத்தவர் குந்தன் ஷா.

யாருய்யா அது என்கிறீர்களா? கொஞ்சம் பின்னால் போவோம். 1980-களின் தூர்தர்ஷன். 'ஒளியும் ஒலியும்' முடிந்த பிறகும் டி.வி.யை அணைக்க மனசு வராமல், ஹிந்தியில் ஒரு வார்த்தை புரியாமலேயே சீரியல் பார்த்துச் சிரித்த ஆசாமிகள் நம்மூரில் ஏராளம். 'யே ஜோ ஹை ஸிந்தகி', 'நுக்கட்', 'வாக்ளே கி துனியா'... ஞாபகம் வருகிறதா? மூன்றிலும் டைரக்டர் பட்டியலில் இவர் பெயர் இருக்கும்.

1947 அக்டோபர் 19-ல் பிறந்தவர். சினிமா ஆசை பிடித்து ஆட்ட, புனே திரைப்படக் கல்லூரியில் டைரக்‌ஷன் படித்தார். அந்தக் காலத்தில் அங்கே படித்து வருகிறவர்கள் பெரும்பாலும் சீரியஸ் பேர்வழிகள். விருதுப் படம் என்றால் ஹீரோ பீடியைப் பற்ற வைத்து அணைப்பதற்குள் இடைவேளை வந்துவிடும்! அந்தக் கூட்டத்தில் இவருடைய டிப்ளமா படம் 'போங்கா' மட்டும் கோணங்கித்தனமான காமெடி. மனுஷர் அப்போதே வழி மாறிவிட்டார்.

ஏழு லட்சத்தில் ஒரு பாலம்

ஹைதராபாத்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்துத் திண்டாடிய நண்பர்களின் கதைதான் முதல் படத்துக்கு விதை. அரசாங்கத்தின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பணம் கொடுத்தது. மொத்தச் செலவு 7 லட்ச ரூபாய்க்குள். இன்றைக்கு அந்தப் பணத்தில் ஒரு பாட்டுக்கு செட் கூடப் போட முடியாது!

1983-ல் வந்த அந்தப் படம் 'ஜானே பி தோ யாரோ'. தமிழில் சொன்னால், 'விட்டுத் தள்ளுங்கப்பா!'

இரண்டு அப்பாவி போட்டோகிராபர்கள். நஸிருதீன் ஷா, ரவி பாஸ்வானி. (நஸிருதீன் கையிலிருந்த காமிரா அவருடைய சொந்தச் சொத்து. ஷூட்டிங்கிலேயே அதுவும் திருடு போய்விட்டது!) இரண்டு கான்ட்ராக்டர்கள். லஞ்சம் வாங்கும் ஒரு கமிஷனர். கமிஷனரைத் தீர்த்துக் கட்டுகிறார்கள். அவர் நினைவாகவே ஒரு மேம்பாலம் கட்டுகிறார்கள். கலப்பட சரக்கில் எழும்பிய பாலம் பொலபொலவென்று சரிகிறது. பம்பாயில் சிமெண்ட் விவகாரத்தில் சிக்கி முதல்வர் அந்துலே பதவி விலகியது 1982-ல்தான். கதை எங்கிருந்து வந்தது என்று ஜனங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசியில் எல்லாரும் கமிஷனரின் பிணத்தைத் துரத்திக்கொண்டு ஒரு நாடக மேடைக்குள் பாய்கிறார்கள். அங்கே மகாபாரதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பாஞ்சாலி வேஷத்தில் பிணம். கண் தெரியாத திருதராஷ்டிரர், என்னதான் நடக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பதில் சொல்லத்தான் ஆளில்லை. துச்சாதனனாக நிற்பவர், படத்துக்குத் தயாரிப்பு நிர்வாகம் பார்த்த விது வினோத் சோப்ரா. பின்னாளில் 'முன்னாபாய்' தயாரித்தாரே, அவரேதான். நம் கமலின் 'வசூல்ராஜா'வுக்கு மூலம்!

இவ்வளவு சிரிக்க வைத்துவிட்டு முடிவில் என்ன செய்தார் தெரியுமா? திருடர்கள் எல்லாரும் கைகோர்த்துக் கொள்கிறார்கள். பாலம் இடிந்த பழி போட்டோகிராபர்கள் தலையில் விழுகிறது. கைதி உடையில் பம்பாய்த் தெருவில் நடந்து வந்து, நம்மைப் பார்த்துக் கழுத்தை அறுப்பதுபோல் கையால் காட்டுகிறார்கள். படம் அவ்வளவுதான். தியேட்டரில் சிரித்த வாய் அப்படியே உறைந்து போகும்.

சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது. வசூல்தான் கிடைக்கவில்லை!

தெருமுனை ராஜாக்கள்

பிறகுதான் டி.வி. 1984-ல் 'யே ஜோ ஹை ஸிந்தகி'. எழுதியவர் ஷரத் ஜோஷி. இயக்கியவர்களில் குந்தனும் ஒருவர். வாரா வாரம் புது வேஷத்தில் வந்து வெளுத்துக் கட்டியவர் சதீஷ் ஷா. 'ஜானே பி தோ'வின் அதே கமிஷனர், அதே பிணம்!

1986-ல் சயீத் மிர்ஸாவுடன் சேர்ந்து 'நுக்கட்'. நுக்கட் என்றால் தெருமுனை. ஒரு எலக்ட்ரீஷியன், சைக்கிள் ரிப்பேர் செய்கிறவன், டீக்கடைக்காரர், எப்போதும் தள்ளாடும் ஒரு குடிகாரன். நம்மூர் டீக்கடை பெஞ்சை அப்படியே பெயர்த்து வைத்த மாதிரி! சினிமா பணக்கார பங்களா மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது, இவர் காமிராவைத் தெருவில் கொண்டுவந்து வைத்தார்.

1988-ல் 'வாக்ளே கி துனியா'. மைசூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளையான கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லக்ஷ்மண் உருவாக்கிய பாத்திரம். அடிதடி இல்லை, மாமியார் சூழ்ச்சி இல்லை. ஒரு குமாஸ்தாவின் அன்றாட அவஸ்தைகள்தான் கதை. அதில் ஒரு எபிசோடில் வந்து போன டெல்லிப் பையன், ஷாருக் கான்.

அந்தப் பையனையே ஹீரோவாக்கி 1994-ல் 'கபி ஹாங் கபி நா' கொடுத்தார். ஷாருக் வாங்கிய சம்பளம் 25,000 ரூபாய். ஹீரோ பரீட்சையில் பெயில். மார்க் ஷீட்டில் தில்லுமுல்லு. காதலிக்காகப் பொய் மேல் பொய். கடைசியில் அவளும் வேறொருவனுக்குத்தான்! ஹிந்தி சினிமாவில் இப்படி ஒரு ஹீரோவா? ஆனால் ஷாருக்கின் ஆகச் சிறந்த நடிப்பு இதுதான் என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

குந்தனின் சூட்சுமம் இதுதான் சார். தோற்கிறவனைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை, அவனோடு உட்கார்ந்து சிரித்தார். அதற்காக, க்ளைமாக்ஸில் அவனை ஜெயிக்க வைத்துப் பொய் சொல்லவும் மாட்டார்.

அவருக்கும் அதே கணக்கு

வாழ்க்கையும் அவரை அப்படித்தான் நடத்தியது. 2000-ல் கல்யாணமாகாத தாயைப் பற்றிய 'க்யா கெஹ்னா' நன்றாக ஓடியது. பின்னால் வந்த படங்கள் படுத்துவிட்டன. அதைப் பார்த்தவர்கள், இது குந்தன் படம்தானா என்று தலையைச் சொறிந்தார்கள்.

முதல் படமோ டி.வி.யில் போடப்போட ஊறுகாய் மாதிரி ருசி ஏறியது. 2012-ல் பிரிண்டைப் புதுப்பித்து மறுபடி தியேட்டரில் விட்டார்கள். 1983-ல் பிறக்கவே பிறக்காத பிள்ளைகள் போய்ச் சிரித்தார்கள்.

2015-ல் நாட்டில் சகிப்புத்தன்மை குறைகிறது என்று சொல்லி சினிமாக்காரர்கள் பலர் விருதுகளைத் திருப்பித் தந்தார்கள். குந்தனும் அந்தப் பழைய தேசிய விருதைத் திருப்பிக் கொடுத்தார். அந்தப் படத்தை இந்தக் காலத்தில் எடுக்கவே முடியாது என்பது அவர் வருத்தம். சரியா தவறா என்று ஊர் விவாதித்தது. ஆனால் படத்தின் கதியை நினைத்துப் பாருங்கள்... வசூலே கிடைக்காத படத்துக்குக் கிடைத்த விருதல்லவா அது!

2017 அக்டோபர் 7. தூக்கத்திலேயே போய்விட்டார். எழுபது வயது நிறையப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி.

அதற்கு முந்தின வருஷம், 2016-ல், கொல்கத்தாவில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் இடிந்து இருபது பேருக்கு மேல் செத்துப் போனார்கள். பழைய படம், பழைய ஜோக் என்று ஒதுக்க நமக்கும் ஆசைதான். பாலங்கள் விட்டால்தானே!