பட்டம் இறங்கும், விசுவாசம்?

இங்கிலாந்தின் ஹோவர்டு குடும்பம் 1483-இல் நார்ஃபோக் டியூக் பட்டம் பெற்றது. தந்தைக்குப்பின் மகனுக்கு வரும் பிரபுப் பட்டம் அது. நான்காம் டியூக் தாமஸ், அரசி முதலாம் எலிசபெத்துக்கு எதிராகச் சதிசெய்ததாக 1572-இல் தலைவெட்டப்பட்டார், பட்டமும் பறிபோனது.

அவருடைய மூத்த மகன் பிலிப் 1584-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். மறு ஆண்டே சிறைப்பட்டார். அதன்பின் பிறந்த மகனின் முகத்தைக்கூடக் காணாமல், விசுவாசத்தை விடாமல், 1595-இல் லண்டன் கோபுரச் சிறையில் இறந்தார். அந்த மகனோ பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையில் சேர்ந்துகொண்டார்!

1660-இல் பிலிப்பின் கொள்ளுப்பேரனுக்கு டியூக் பட்டம் திரும்பக் கிடைத்தது. பிலிப்புக்கு 1970-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் புனிதர் பட்டம் வழங்கினார்.

பட்டம் இரத்த உறவால் இறங்கும். விசுவாசம் அப்படி இறங்குவதில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அதைத் தானே ஏற்கவேண்டும். பிள்ளைகளுக்குச் சொத்து எழுதிவைக்கும் நாம், அவர்களோடு சேர்ந்து செபிக்கிறோமா?