லேசரின் தடுமாற்றத்தை எதைக்கொண்டு அளப்பது?

ஓட்டமாவடிப் பாலத்தடியில் எஞ்சின் பூட்டிய இரண்டு வள்ளங்கள் ஏறத்தாழ ஒரே வேகத்தில் போனால் சத்தம் சீராகக் கேட்காது. ஓங்கித் தணிந்து, ஓங்கித் தணிந்து வரும். இரண்டு எஞ்சின்களின் மீடிறன்களுக்கிடையே உள்ள சிறு வித்தியாசம்தான் அப்படிக் கேட்கிறது. பௌதிகவியல் பாடத்தில் வரும் அடிப்பு இதுதான். நார் லேசரை அளப்பவர்களுக்கும் இதுவே கைகொடுக்கிறது.

எர்பியம் கலந்த, மயிரளவே தடிப்புள்ள கண்ணாடி நாருக்குள் பிறக்கும் 1,550 நனோமீற்றர் ஒளியின் மீடிறன் ஏறத்தாழ 193 லட்சம் கோடி ஹேர்ட்ஸ். எந்த மின்சுற்றாலும் அதை நேரே எண்ண முடியாது. போதாக்குறைக்கு, நார் ஒரு பாகை சூடேறினாலே மீடிறன் ஆயிரம் மெகாஹேர்ட்ஸுக்கு மேல் நகர்ந்துவிடும்.

இதைவிட நல்ல லேசர் ஒன்று இருந்தால் அதோடு கலந்து அடிப்பை எண்ணலாம். இல்லாவிட்டால்?

1980இல் தோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஒக்கோஷியும் சகாக்களும் காட்டிய வழி, லேசரை அதன் பழைய ஒளியோடேயே மோதவிடுவது. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நீண்ட நாரில் சுற்றவிடுவார்கள். மறுபாதியின் மீடிறனை 80 மெகாஹேர்ட்ஸ் அளவுக்கு நகர்த்துவார்கள். பிறகு இரண்டும் ஒரே ஒளியுணரியில் விழும். 10 கிலோமீற்றர் நாரைக் கடக்க ஒளிக்கு 50 மைக்ரோசெக்கன் ஆகும். அந்த இடைவெளியில் லேசர் தடுமாறியிருந்தால், திரையில் 80 மெகாஹேர்ட்ஸில் ஊசிபோல் நிற்கவேண்டிய கோடு தடித்துத் தெரியும்.

வேடிக்கை என்னவென்றால், லேசர் திறமானதாக இருந்தால்தான் தொல்லை. கோட்டின் அகலம் 1 கிலோஹேர்ட்ஸுக்கு இறங்கிவிட்டால் 10 கிலோமீற்றர் காணாது. நூறுக்கு மேல் வேண்டும். அவ்வளவு நீள நார் அறைச் சூட்டையும் காலடி அதிர்வையும் தானே வாங்கிக்கொள்ளும்.

மீடிறன் மணிக்கணக்கில் மெல்ல விலகுவது வேறு கதை. அங்கே வழக்கமான நியமவிலகல் சரிவராது. அளக்க அளக்க அது பெருத்துக்கொண்டே போகலாம். டேவிட் அலன் 1966இல் தந்த முறை, அடுத்தடுத்த இரண்டு இடைவெளிகளின் சராசரிகளை மட்டும் ஒப்பிடுகிறது. அணுக்கடிகாரங்களுக்கென வந்த அந்தக் கணக்கு இன்று லேசர்களுக்கும் பொது.

நார் அதிர்வை வாங்குவது ஆய்வுகூடத்தில் குறைபாடு. கடலடியில் அதுவே பயன். பிரித்தானிய தேசிய பௌதிக ஆய்வுகூடத்தின் ஜுசெப்பே மாரா குழு, மிக உறுதியான லேசர் ஒளியைக் கேபிளில் அனுப்பித் திரும்பப் பெற்று, மால்டா–சிசிலி கடலடிக் கேபிளிலேயே நிலநடுக்கத்தைப் பிடித்தது. அது 2018இல் வெளியானது. 2022இல் அத்திலாந்திக்கைக் கடக்கும் 5,860 கிலோமீற்றர் கேபிளில், ஒளியைப் பெருக்கும் ரிப்பீட்டர்களுக்கு இடையிலான ஒவ்வொரு துண்டையும் தனித்தனி உணரியாக்கிக் காட்டினார்கள். லேசர் தானாகத் தடுமாறுவது நடுக்கம் தரும் மாற்றத்தைவிடச் சிறிதாக இருந்தால்தான் இது சாத்தியம்.

2004 டிசம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி நிலநடுக்கத்தால் கிளம்பிய சுனாமி அலை மட்டக்களப்புக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இப்போது மாத்தறையில் கரையேறும் சீ-மீ-வீ 5 கேபிள் சுமாத்திரா வரை போகிறது.